மாத்திரையை நிறுத்தியதும் வந்தது பழைய நோயா?

கேள்வி: நான் 41 வயதுப் பள்ளி ஆசிரியை. இரண்டாவது குழந்தை பிறந்தபின் வந்த மனச்சோர்வுக்காக ஐந்து ஆண்டுகளாக எஸ்சிட்டலோபிராம் 20 மி.கி. சாப்பிட்டு வருகிறேன். நன்றாகத்தானே இருக்கிறோம் என்று நினைத்து, கோடை விடுமுறையில் ஒரே நாளில் நிறுத்திவிட்டேன். மூன்றாம் நாளில் தலைக்குள் மின்சாரம் பாய்வது போல ஓர் அதிர்வு தொடங்கியது. கண்ணைத் திருப்பினால்கூட அது வந்தது. தலைசுற்றல், குமட்டல், பயங்கரக் கனவுகள், காரணமில்லாத அழுகை, பிள்ளைகள் மீது எரிச்சல் என்று ஒரு வாரம் படாத பாடு பட்டேன். எங்கள் ஊர் மருத்துவர், பழைய நோய் திரும்பிவிட்டது, ஆயுள் முழுவதும் மாத்திரை வேண்டும் என்றார். மறுபடி சாப்பிட்டதும் மூன்று நாட்களில் எல்லாம் மறைந்துவிட்டது. "போதைப் பழக்கம் போல ஆகிவிட்டது பார்" என்கிறார் என் மாமியார். நான் மாத்திரைக்கு அடிமையாகிவிட்டேனா? இனி நிறுத்தவே முடியாதா? புதிதாகத் திருமணமான சக ஆசிரியைக்குப் போன வாரம் இதே மாத்திரையை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். தொடங்கவே வேண்டாம் என்று அவளிடம் சொல்லட்டுமா?

பதில்: அன்புச் சகோதரிக்கு, உங்கள் கடிதத்தில் இருக்கும் மிக முக்கியமான செய்தி நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கும் ஒரு வரிதான்: மறுபடி சாப்பிட்டதும் மூன்று நாட்களில் எல்லாம் மறைந்துவிட்டது. மனச்சோர்வு நோய் திரும்பியிருந்தால் அது மூன்று நாட்களில் மறைந்திருக்காது. ஐந்து ஆண்டுகளுக்கு முன் இந்த மருந்தை முதன்முதலாகத் தொடங்கியபோது மனம் தேற எத்தனை வாரங்கள் ஆயின என்பதை நினைத்துப் பாருங்கள். இவ்வகை மருந்துகள் மனச்சோர்வைக் குறைக்கத் தொடங்கவே பொதுவாக இரண்டு முதல் நான்கு வாரங்கள் ஆகும், முழுப் பயன் தெரிய இன்னும் கூடுதலாகும். ஆகவே, நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால், அந்த ஒரு வாரம் நீங்கள் பட்டது, மருந்துக்குப் பழகிய உடல் அதைத் திடீரென்று இழந்தபோது காட்டிய அறிகுறிகள் என்றே நான் கருதுகிறேன்.

வேறு அடையாளங்களும் அதையே சொல்கின்றன. நிறுத்திய மூன்றாம் நாளிலேயே தொல்லை தொடங்கியிருக்கிறது. நோய் திரும்புவது பெரும்பாலும் வாரங்கள், மாதங்கள் எடுத்துக்கொண்டு மெல்ல நடப்பது. எஸ்சிட்டலோபிராமின் அளவு ஏறக்குறைய 30 மணி நேரத்துக்கு ஒருமுறை இரத்தத்தில் பாதியாகக் குறைகிறது என்பதால், மூன்றாம் நாள் என்பது நிறுத்தல் அறிகுறிகள் தலைகாட்டுவதற்கு மிகவும் பொருந்தும் நாள். அதோடு, தலைக்குள் மின்சாரம் பாய்வது போன்ற அந்த உணர்வு மனச்சோர்வின் அறிகுறியே அல்ல. குழந்தை பிறந்தபின் நோயுற்றிருந்த நாட்களில் அது உங்களுக்கு இருந்திருக்காது. ஆனால் இந்த மருந்துகளை நிறுத்தியவர்கள் உலகெங்கும் ஏறத்தாழ ஒரே சொற்களில் அதை விவரிக்கிறார்கள். அழுகையும் எரிச்சலும் இரண்டிலும் வரக்கூடியவை என்பதால்தான் குழப்பம் நேர்கிறது. சிலருக்கு நிறுத்தல் அறிகுறிகள் தாமதமாகத் தொடங்குவதும், அலை அலையாக வந்து பல வாரங்களோ, சிலருக்குப் பல மாதங்களோ நீடிப்பதும் உண்டு. அப்போது எது நோய், எது நிறுத்தல் விளைவு என்று பிரித்தறிவது அனுபவமுள்ள மருத்துவருக்கும் எளிதன்று. உங்கள் விஷயத்தில் அந்தச் சிக்கல் இல்லை.

அடிமையாகிவிட்டேனா என்ற கேள்விக்கு இல்லை என்பதே என் பதில். இந்த மாத்திரைக்காக நீங்கள் ஏங்கவில்லை. ஐந்து ஆண்டுகளில் அளவைத் தானாகக் கூட்டிக்கொள்ளவில்லை. அதைத் தேடி வீட்டையும் வேலையையும் மறந்து அலையவில்லை. உண்மையில் அதை விட்டுவிடவே விரும்பினீர்கள். போதைப் பழக்கத்தின் இலக்கணத்தில் இவை எதுவும் சேராது. உங்களுக்கு ஏற்பட்டிருப்பது உடல் சார்ந்திருத்தல் மட்டுமே. ஒரு மருந்து நெடுநாள் இருக்கும்போது உடல் தன் இயக்கத்தை அதற்கேற்ப மாற்றி அமைத்துக்கொள்கிறது, மருந்து திடீரென்று போனால் அந்த மாற்றம் வெளிப்பட்டுத் துன்புறுத்துகிறது. ஆஸ்துமாவுக்கும் மூட்டுவாதத்துக்கும் நீண்ட நாள் கொடுக்கப்படும் ஸ்டீராய்டு மாத்திரையையும், இதயத்துக்குக் கொடுக்கப்படும் புரோப்ரனலாலையும் திடீரென்று நிறுத்தக்கூடாது என்பது எல்லா மருத்துவருக்கும் தெரியும். அவற்றைச் சாப்பிடுகிறவர்களை யாரும் போதைக்காரர்கள் என்று சொல்வதில்லை. உங்கள் மாமியாரிடம் இதை இப்படியே, கோபமில்லாமல் எடுத்துச் சொல்லுங்கள். அவர் கண்முன் நீங்கள் துடித்ததைப் பார்த்துத்தான் அப்படிச் சொல்லியிருக்கிறார். அவர் பார்த்தது உண்மை, அதற்கு அவர் கண்ட காரணம்தான் தவறு.

எஸ்சிட்டலோபிராம், செர்ட்ராலின், பராக்ஸெட்டின், ஃபுளூவாக்ஸெட்டின் போன்ற மருந்துகள், நரம்புச் செல்கள் வெளியிட்ட செரோட்டோனின் என்ற வேதிப்பொருளை அச்செல்களே திரும்ப உறிஞ்சிக்கொள்ளும் வாயிலை அடைக்கின்றன. மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் இப்படி இருக்கும்போது மூளை அந்தப் புதிய நிலைக்கு ஏற்பத் அப்பொருளை உணரும் தன் ஏற்பிகளின் உணர்திறனைத் திருத்திக்கொள்கிறது. மருந்து உடலை விட்டு நீங்கச் சில நாட்களே போதும், ஆனால் மூளை தன் திருத்தங்களை மாற்றிக்கொள்ள அதைவிட நெடுங்காலம் பிடிக்கிறது. இந்த இடைவெளியில்தான் தலைசுற்றலும் கனவுகளும் அழுகையும் வருகின்றன. உடலை விட்டு விரைந்து நீங்கும் மருந்துகளில் தொல்லை அதிகம். வென்லாஃபாக்ஸின் சாப்பிடுகிறவர்கள் சிலர், காலை மாத்திரையை மறந்தால் மாலைக்குள் உடம்பு காட்டிக்கொடுத்துவிடும் என்பார்கள். பராக்ஸெட்டினும் அதே கூட்டத்தைச் சேர்ந்ததுதான். ஃபுளூவாக்ஸெட்டினும் உடலில் அது மாறும் பொருளும் நீங்கப் பல வாரங்கள் ஆவதால் அதில் தொல்லை பொதுவாகக் குறைவு.

இது எத்தனை பேருக்கு வருகிறது என்பதில் ஆராய்ச்சியாளர்களிடையே கடுமையான வாதம் நடந்துகொண்டிருக்கிறது. 2019இல் பிரிட்டனில் வெளியான ஒரு தொகுப்பாய்வு, நிறுத்துகிறவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு அறிகுறிகள் வருவதாகக் கூறியது. 2024இல் ஜெர்மானிய ஆய்வாளர்கள் 79 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, மருந்தை நிறுத்தியவர்களில் ஏறத்தாழ 31 சதவீதத்தினருக்கும், மருந்தே இல்லாத போலி மாத்திரையை நிறுத்தியவர்களில் 17 சதவீதத்தினருக்கும் அறிகுறிகள் தெரிந்தன. அப்படியானால் மருந்தின் காரணமாகவே வருவது ஆறு ஏழு பேரில் ஒருவருக்கு என்றும், மிகக் கடுமையாக வருவது 100 பேரில் ஏறக்குறைய மூவருக்கு என்றும் அவர்கள் கணித்தார்கள். ஆனால் அவர்கள் சேர்த்த ஆய்வுகளில் பல, சில வாரங்களோ மாதங்களோ மட்டும் மருந்து எடுத்தவர்களைப் பற்றியவை. ஐந்து ஆண்டுகள் எடுத்த உங்களைப் போன்றவர்களுக்கு அந்தக் கணக்கை அப்படியே பொருத்த எனக்கு மனமில்லை. குறைந்த கணக்கையே ஏற்றுக்கொண்டாலும், இந்த மருந்துகளை உண்பவர்களின் எண்ணிக்கையை நினைத்தால் அது சிறிய தொகையாக இராது. இங்கிலாந்தில் மட்டும் 2017–18இல் 73 லட்சம் பேருக்கு, அதாவது வயது வந்தவர்களில் 17 சதவீதத்தினருக்கு, இவை எழுதிக் கொடுக்கப்பட்டதாக அந்நாட்டுப் பொதுச் சுகாதாரத் துறையின் அறிக்கை சொல்கிறது.

உங்கள் ஊர் மருத்துவர் மீது வருத்தப்பட வேண்டாம். அவர் சொன்னதைத்தான் மருத்துவ உலகமும் நெடுங்காலம் சொல்லிக்கொண்டிருந்தது. ஆனால் இந்த அறிகுறிகள் அண்மையில் கண்டறியப்பட்டவை அல்ல. மனச்சோர்வு மருந்துகளில் மூத்ததான இமிப்ரமினின் பயனைச் சுவிட்சர்லாந்து மருத்துவர் ரோலண்ட் குன் 1957இல் வெளியிட்டார், 1959இலேயே அதை நிறுத்தும்போது வரும் தொல்லைகள் பற்றிய குறிப்புகள் மருத்துவ இதழ்களில் வந்துவிட்டன. அப்படியிருந்தும், 1990களில் புதிய மருந்துகள் பரவியபோது, இவை பழக்கத்தை உண்டாக்காதவை என்ற உறுதிமொழியோடுதான் மக்களிடம் வந்து சேர்ந்தன. பிரிட்டனில் 2002ஆம் ஆண்டு அக்டோபரில் பிபிசி தொலைக்காட்சி பராக்ஸெட்டினைப் பற்றி ஒரு நிகழ்ச்சியை ஒளிபரப்பியபோது, தங்களுக்கும் இப்படியே நேர்ந்தது என்று ஆயிரக்கணக்கானோர் தொலைபேசியிலும் மின்னஞ்சலிலும் தெரிவித்தார்கள். அதன்பிறகே அந்த மருந்தோடு வரும் நோயாளர் குறிப்பேட்டின் வாசகம் திருத்தப்பட்டது.

அதற்குப் பிறகும் பிரிட்டனின் அதிகாரபூர்வ வழிகாட்டுதல், நிறுத்தல் அறிகுறிகள் பொதுவாக லேசானவை, ஒரு வாரத்தில் தாமே அடங்கிவிடும் என்றே கூறிவந்தது. 2017இல் ஸ்காட்லாந்து நாடாளுமன்றத்துக்கும் வேல்ஸ் சட்டமன்றத்துக்கும் பாதிக்கப்பட்டவர்கள் சார்பில் மனுக்கள் போயின. மருந்துச் சீட்டின்படி ஒழுங்காகச் சாப்பிட்டதால் உடல் சார்ந்திருத்தலுக்கு ஆளானவர்களை அங்கீகரியுங்கள், அவர்கள் நிறுத்துவதற்கு உதவி செய்யுங்கள் என்பதே கோரிக்கை. 2018இல், பெரும்பாலோருக்கு இரண்டு வாரங்களில் சரியாகிவிடும் என்று பிரிட்டன் மனநல மருத்துவர்களின் அமைப்பான ராயல் கல்லூரியின் தலைமை ஒரு நாளிதழுக்கு எழுதியபோது கடும் எதிர்ப்பு எழுந்தது. 2019 மே மாதத்தில் அதே கல்லூரி, சிலருக்குக் கடுமையாகவும் நீண்டும் இருக்கக்கூடும் என்று ஏற்றுக்கொண்டு தன் நிலைப்பாட்டை மாற்றியது. அவ்வாண்டு அக்டோபரில் வழிகாட்டுதலும் மாறியது. இந்த மாற்றத்தைத் தொடங்கி வைத்தவர்கள் உங்களைப் போன்ற நோயாளிகள். தமக்கு நேர்ந்ததைத் தேதி வாரியாக எழுதி வைத்தவர்கள், நம்பாதவர்களிடம் திரும்பத் திரும்பச் சொன்னவர்கள். அவர்கள் முன்னே போக, மருத்துவத் துறை பின்னால் வந்தது என்பதை ஒரு மருத்துவராக நான் வெளிப்படையாகச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

இனி நிறுத்த முடியாதா என்ற கேள்விக்கு வருகிறேன். முடியும், ஆனால் ஒரே நாளில் முடியாது, தனியாகவும் செய்யக்கூடாது. அதற்கு முன்பாக, நிறுத்துவது உங்களுக்கு நல்லதா என்பதை உங்கள் மனநல மருத்துவரோடு உட்கார்ந்து பேசவேண்டும். 2021இல் இங்கிலாந்தில் வெளியான ஓர் ஆய்வில், நெடுநாள் மருந்து எடுத்து நலமாக இருந்த 478 பேரில் ஒரு பகுதியினர் மருந்தைத் தொடர்ந்தார்கள், மற்றவர்களுக்கு அவர்கள் அறியாமலே படிப்படியாகப் போலி மாத்திரை கொடுக்கப்பட்டது. ஓராண்டுக்குள் மனச்சோர்வு திரும்பியது, தொடர்ந்தவர்களில் 39 சதவீதத்தினருக்கு, நிறுத்தியவர்களில் 56 சதவீதத்தினருக்கு. நிறுத்தினால் ஆபத்து கூடுகிறது என்பது இதிலிருந்து தெளிவு. நிறுத்தியவர்களில் பத்தில் நால்வருக்கு மேல் அந்த ஆண்டை நலமாகக் கடந்தார்கள் என்பதும் அதே அளவுக்குத் தெளிவு. முன்பு எத்தனை முறை நோய் வந்தது, எவ்வளவு கடுமையாக இருந்தது, தற்கொலை எண்ணம் இருந்ததா, இப்போது வீட்டில் எத்தகைய துணை இருக்கிறது என்பவற்றை வைத்தே உங்களுக்கான முடிவை எடுக்க முடியும். உங்களுக்கு வந்தது ஒரே ஒரு முறை, அதுவும் பிரசவத்தை ஒட்டி என்றால், ஆயுள் முழுவதும் மாத்திரை என்ற தீர்ப்பை நான் அவ்வளவு விரைவில் எழுதமாட்டேன்.

நிறுத்துவது என்று முடிவானால், எந்த அளவிலிருந்து எந்த அளவுக்கு இறங்குகிறோம் என்பதில் பலரும் அறியாத ஒரு நுட்பம் இருக்கிறது. உங்கள் மருந்தின் மூல மருந்தான சிட்டலோபிராமை வைத்து மூளைப் படப்பிடிப்பு ஆய்வுகள் செய்திருக்கிறார்கள். அதில் 40 மி.கி. அளவு, நான் முன்பு சொன்ன அந்தச் செரோட்டோனின் வாயில்களில் ஏறக்குறைய 86 சதவீதத்தை அடைக்கிறது. பாதியாகக் குறைத்து 20 மி.கி. கொடுத்தாலும் அது 80 சதவீதமாகத்தான் இறங்குகிறது. 10 மி.கி. என்றால் 70 சதவீதத்தைச் சற்றே தாண்டும். 5 மி.கி. என்ற சின்னஞ்சிறு அளவுகூட ஏறத்தாழ 60 சதவீதத்தை அடைத்துவைத்திருக்கிறது. இதன் பொருள், மேலே உள்ள பெரிய அளவுகளைக் குறைப்பது எளிது, கடைசி 5 மி.கி.யிலிருந்து பூஜ்யத்துக்குத் தாவுவதே மிகப் பெரிய வீழ்ச்சி. எஸ்சிட்டலோபிராம் அதைவிட ஏறத்தாழ இருமடங்கு வலிமையுள்ளது என்பதால் உங்களுக்கு அந்த வீழ்ச்சி இன்னும் சிறிய அளவில் காத்திருக்கிறது. 20, 10, 5, பிறகு நிறுத்து என்று இரண்டு மூன்று வாரங்களில் முடிக்கும் பழைய முறையில், பலர் கடைசிப் படியில்தான் விழுகிறார்கள். விழுந்தவுடன் நோய் திரும்பிவிட்டது என்று அவர்களுக்குச் சொல்லப்படுகிறது. மார்க் ஹொரோவிட்ஸ், டேவிட் டெய்லர் என்ற இரு ஆய்வாளர்கள் 2019இல் இதை விளக்கி எழுதினார்கள். 2022இல் வந்த பிரிட்டானிய வழிகாட்டுதல், ஒவ்வொரு முறையும் முந்தைய அளவில் ஒரு விகிதத்தைக் குறைக்கவும், அளவு சிறுக்கச் சிறுக்க அந்த விகிதத்தையும் சிறிதாக்கவும், மிகச் சிறிய அளவுகளுக்குத் திரவ மருந்தைப் பயன்படுத்தவும் கூறுகிறது.

நம் ஊரில் எஸ்சிட்டலோபிராம் 5, 10, 20 மி.கி. மாத்திரைகளாகக் கிடைக்கிறது. சாதாரண மாத்திரையை, மருந்துக் கடையில் விற்கும் மாத்திரை வெட்டும் கருவியால் பாதியாகவும் காலாகவும் வெட்ட முடியும். ஆனால் மெல்ல மெல்ல மருந்தை வெளிவிடும்படி தயாரிக்கப்பட்ட மாத்திரைகளை வெட்டக்கூடாது, பொடிக்கவும் கூடாது. டுலாக்ஸெட்டின் போன்ற கேப்சூல் மாத்திரைகளைப் பிரித்துப் பங்கிடுவதை மருத்துவரைக் கேட்காமல் செய்யவேண்டாம். ஒருநாள் விட்டு ஒருநாள் சாப்பிட்டுக் குறைக்கலாம் என்று பலர் நினைக்கிறார்கள். அது இரத்தத்தில் மருந்தின் அளவை ஏற்றி இறக்கி, ஒவ்வொரு மறுநாளும் ஒரு சிறிய நிறுத்தலாகவே ஆகிவிடும். தினமும் எடுத்துக்கொண்டு, தினசரி அளவைக் குறைப்பதே முறை. ஒவ்வொரு படியிலும் இரண்டு முதல் நான்கு வாரங்கள் நின்று, உடல் அமைதியானபின் அடுத்த படிக்கு இறங்குங்கள். தொல்லை பொறுக்க முடியாததானால் முந்தைய படிக்குத் திரும்பிக் காத்திருங்கள், அதைத் தோல்வி என்று எண்ண வேண்டியதில்லை. ஐந்து ஆண்டுகள் எடுத்த மருந்தை விட ஆறு மாதமோ, ஓராண்டோ ஆவது நியாயமான காலமே. இதற்கென ஒரு நோட்டுப் புத்தகம் வைத்து, தேதி, அளவு, தூக்கம், மனநிலை, உடல் தொல்லை ஆகியவற்றை நாளுக்கு இரண்டு வரியில் எழுதிவாருங்கள். மருத்துவரிடம் வாதிடுவதைவிட அந்த நோட்டைக் காட்டுவது பயன் தரும்.

இன்னொன்றையும் உடனே பாருங்கள். உங்கள் மாத்திரை அட்டையில் எஸ்சிட்டலோபிராமோடு குளோனாசிபாம் என்ற இரண்டாவது பெயரும் இருக்கிறதா? இந்த இரண்டையும் ஒன்றாகச் சேர்த்த மாத்திரைகள் இந்தியாவில் ஏராளமாக எழுதப்படுகின்றன. குளோனாசிபாம் வேறு வகை மருந்து. நெடுநாள் எடுத்துவிட்டு அதைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரக்கூடும். இரண்டும் சேர்ந்திருந்தால் அவற்றைத் தனித்தனியாகப் பிரித்து, தனித்தனி வேகத்தில் குறைக்கவேண்டும், அந்தத் திட்டத்தை மனநல மருத்துவர்தான் போடவேண்டும். எதுவானாலும் ஒரு வாரத்துக்கான மாத்திரை எப்போதும் கையிருப்பில் இருக்கட்டும். 2015இல் சென்னையிலும், 2023 டிசம்பரில் தூத்துக்குடி, திருநெல்வேலியிலும் வந்தது போன்ற ஒரு வெள்ளம் மருந்துக் கடைக்குப் போகும் வழியை அடைத்துவிட்டால், நீங்கள் விரும்பாமலே இன்னொரு திடீர் நிறுத்தம் நேர்ந்துவிடும்.

குறைக்கும் காலத்தில் ஓரிடத்தில் உட்கார முடியாத கடும் பதற்றம், பல இரவுகள் தூக்கமே இல்லாத பரபரப்பு, வாழ வேண்டாம் என்ற எண்ணம் ஆகியவற்றில் எது வந்தாலும் அடுத்த சந்திப்பு வரை காத்திருக்காதீர்கள், அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். 14416 என்ற அரசின் டெலிமானஸ் மனநல உதவி எண்ணில் இரவு பகல் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது. உங்கள் மருத்துவர் இந்த அறிகுறிகளை ஏற்க மறுத்தால், மாவட்ட அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவில் இரண்டாவது கருத்துக் கேட்பது உங்கள் உரிமை.

உங்கள் சக ஆசிரியையைப் பற்றி நீங்கள் கேட்டதுதான் எனக்கு மிகுந்த கவலை தந்தது. தொடங்கவே வேண்டாம் என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். நம் நாட்டில் 2015–16இல் நடந்த தேசிய மனநலக் கணக்கெடுப்பின்படி, மனச்சோர்வு நோய் உள்ளவர்களில் 100க்கு 80க்கும் மேற்பட்டோர் எந்தச் சிகிச்சையும் பெறவில்லை. அந்த நோயால் உயிர்கள் போகின்றன. ஐந்து ஆண்டுகளுக்கு முன் இதே மாத்திரை உங்களைத் தூக்கி நிறுத்தியது என்பதையும் நீங்கள் அவரிடம் சொல்லியாக வேண்டும். விழிப்புணர்வு என்ற பெயரில் பயத்தைப் பரப்பினால், தேவையுள்ளவர்கள் தொடங்கமாட்டார்கள், ஏற்கெனவே எடுத்துக்கொண்டிருப்பவர்கள் நீங்கள் செய்தது போல ஒரே நாளில் தூக்கி எறிவார்கள். இரண்டுமே கேடு.

அதே நேரம், மறைப்பதும் கேடுதான். மேல்நாடுகளில் மருந்துப் பெட்டிக்குள் நோயாளிக்கான குறிப்பேடு இருக்கும். நம் மருந்துக் கடையில் பத்து மாத்திரை அட்டையைக் கத்தரித்து ஆறு கொடுக்கும் வழக்கத்தில் அப்படி எதுவும் கைக்கு வருவதில்லை. மருந்துச் சீட்டு எழுதும் அந்த ஐந்து நிமிடத்தில் மருத்துவர் சொன்னால் உண்டு, இல்லையேல் இல்லை. இது மாறவேண்டும் என்பது என் உறுதியான கருத்து. தொடங்கும் நாளிலேயே நிறுத்தும் வழியையும் சொல்லிவிட வேண்டும். நடுவில் விட்டால் என்ன ஆகும், தேவை முடிந்தபின் எப்படி இறங்குவோம் என்பதை எளிய தமிழில் ஒரே தாளில் அச்சிட்டுக் கொடுக்க அரசு மருத்துவமனைகளாலும் தனியார் மருத்துவர்களாலும் முடியும். அதற்குப் பெரிய செலவு எதுவும் ஆகாது. நோயாளி பயந்து மருந்தை மறுத்துவிடுவார் என்று சிலர் தயங்குகிறார்கள். நிறுத்தும்போது தானே அனுபவித்துத் தெரிந்துகொள்ளும் நோயாளி, அதன்பிறகு எந்த மருத்துவர் சொல்வதையும் நம்பமாட்டார் என்பதுதான் அதைவிடப் பெரிய ஆபத்து.

அந்த ஆசிரியையிடம் நீங்கள் பட்டதை உள்ளபடி சொல்லுங்கள். மருந்து தேவை என்று மருத்துவர் சொன்னால் எடுத்துக்கொள்ளட்டும், நலமானதும் தானாக நிறுத்தாமல் இருக்கட்டும். குழந்தைக்குத் திட்டமிடும் எண்ணம் இருந்தால் அதை மருத்துவரிடம் இப்போதே சொல்லவேண்டும். கருவுற்றது தெரிந்த அன்று பதறிப்போய் மாத்திரையை நிறுத்திவிடுவது தாய்க்கும் குழந்தைக்கும் நல்லதல்ல, முன்கூட்டியே பேசியிருந்தால் அதற்கான வழி இருக்கும். அடுத்த சந்திப்பில் அவர் மருத்துவரிடம் மூன்று கேள்விகள் கேட்கட்டும்: இதை எத்தனை மாதங்கள் எடுக்கவேண்டியிருக்கும், இரண்டு நாள் தவறினால் என்ன செய்வது, நிறுத்தும் காலம் வரும்போது எப்படிக் குறைப்பது. பதில்களை மருந்துச் சீட்டின் பின்பக்கத்திலேயே எழுதி வாங்கி, அந்தச் சீட்டைப் பத்திரமாக வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.